இருமலோடு வருபவர் வரிசையில் முதலா, கடைசியா? – சுகாதார கிளினிக்குகளில் காசநோய்த் தடுப்பு

அம்மாவின் இனிப்புநீர் மருந்துக்காக அவ்வப்போது அரசாங்க சுகாதார கிளினிக்கிற்குப் போய் வருகிறேன். காலை ஏழரை மணிக்கே நாற்காலிகள் நிறைந்துவிடும். ஒரு பக்கம் பிள்ளைக்கு ஊசி போட வந்த தாய்மார்கள், இன்னொரு பக்கம் இரத்தக்கொதிப்புக்கும் இனிப்புநீருக்கும் மருந்து எடுக்க வந்த பெரியவர்கள். போன முறை சென்றபோது நடுவரிசையில் இருந்த ஒருவர் விடாமல் இருமிக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்த பெண்மணி முகத்தைத் திருப்பிக்கொண்டார். இன்னொருவர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இடம் மாறினார். அவரும் கூச்சப்பட்டுக்கொண்டு எழுந்து பின்வரிசை மூலைக்குப் போய் உட்கார்ந்தார். குளிர்சாதனம் ஓடியதால் சன்னல்கள் எல்லாம் மூடியிருந்தன. அவருடைய எண்ணை அழைக்க ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆனது.

அது சாதாரணச் சளியாக இருந்திருக்கலாம். காசநோயாகவும் இருந்திருக்கலாம். எது என்று யாருக்கும் தெரியாத அந்த இரண்டு மணி நேரத்தில் கிளினிக் என்ன செய்ய வேண்டும் என்பதற்குத் தெளிவான வழிமுறைகள் உள்ளன. உலகச் சுகாதார நிறுவனம் அவற்றை வகுத்துள்ளது. நமது சுகாதார அமைச்சும் பணியாளர்களுக்கென வழிகாட்டிகளை வெளியிட்டுள்ளது. அவை சொல்வதன் சாரம் ஒன்றுதான்: இருமலோடு வருபவர் பின்வரிசைக்குப் போகக்கூடாது. அவர்தான் முதலில் பார்க்கப்பட வேண்டியவர்.

நம் நாட்டில் நிலவரம்

1940களிலும் 1950களின் தொடக்கத்திலும் மலாயாவில் அதிக உயிர்களைப் பறித்த நோய் இதுதான். 1961-இல் தேசியக் காசநோய் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கப்பட்டது. கோலாலம்பூர் ஜாலான் பகாங்கில் இருந்த தேசியக் காசநோய் மையமே இன்று சுவாசநோய் மருத்துவக் கழகமாக இயங்குகிறது. பிறந்த குழந்தைகளுக்கு பி.சி.ஜி. தடுப்பூசியும் அந்தத் திட்டத்தோடு வந்ததுதான்.

அதனால் இது பழைய காலத்து நோய், தாத்தா பாட்டியோடு போய்விட்டது என்று பலர் நினைக்கிறோம். ஆனால் 2021-இல் 21,727 பேருக்கும், 2022-இல் 25,391 பேருக்கும் மலேசியாவில் காசநோய் கண்டறியப்பட்டது. சபாவில்தான் அதிகம்; அடுத்து சிலாங்கூர். உலகளவில் 2023-இல் மட்டும் 12 இலட்சத்து 50 ஆயிரம் பேர் இந்நோயால் இறந்தனர்.

நம் சமூகம் இதில் கூடுதல் கவனம் செலுத்த ஒரு காரணம் உண்டு. இனிப்புநீர் உள்ளவருக்குக் காசநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டு முதல் மூன்று மடங்கு அதிகம். 2019-ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வில், மலேசிய இந்தியப் பெரியவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இனிப்புநீர் இருப்பது தெரியவந்தது. ஆக, மருந்து எடுக்க மாதந்தோறும் அந்தக் காத்திருக்கும் கூடத்தில் உட்காருபவர்களில் நம்மவர் பலர். அங்கே காற்று எப்படி இருக்கிறது என்பது நம் வீட்டுப் பெரியவர்களின் விஷயம்.

எப்படிப் பரவுகிறது?

காசநோய் தட்டு, குவளை, துணி, கைகுலுக்கல் வழியாகப் பரவுவதில்லை. நுரையீரலில் நோய் உள்ளவர் இருமும்போதும் தும்மும்போதும் பேசும்போதும் கிருமி கலந்த மிக நுண்ணிய துளிகள் வெளியே வருகின்றன. பெரிய துளிகள் தரையில் விழுந்துவிடும். சிறியவை காய்ந்து, மூடிய அறையின் காற்றில் பல மணி நேரம் மிதக்கும். இருமியவர் எழுந்து போன பிறகும் அந்தக் காற்று அங்கேயே இருக்கும்.

இதை உறுதிப்படுத்தியது 1950களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ரிச்சர்ட் ரைலி குழுவினர் நடத்திய ஆய்வு. முன்னாள் இராணுவத்தினர் மருத்துவமனை ஒன்றின் காசநோய்ப் பிரிவில் இருந்து வெளியேறும் காற்றைக் குழாய் வழியாக மேல்மாடிக் கூண்டுகளுக்கு அனுப்பினார்கள். அங்கே இருந்த கினிப்பன்றிகள் நோயாளிகளை நெருங்கவே இல்லை. அந்தக் காற்றைச் சுவாசித்ததாலேயே அவற்றுக்குத் தொற்று வந்தது. அதே காற்றைப் புறஊதாக் கதிரில் காட்டி அனுப்பிய கூண்டில் எந்த விலங்குக்கும் தொற்றவில்லை.

அந்த ஆய்வு இன்னொன்றையும் காட்டியது. எல்லா நோயாளிகளும் ஒரே அளவில் பரப்புவதில்லை. மிகச் சிலரே பெரும்பாலான தொற்றுக்குக் காரணமாக இருந்தனர். அதிலும் தங்கள் கிருமிக்கு ஏற்ற மருந்து கிடைக்காதவர்களே முக்கியமானவர்கள். சரியான மருந்து சாப்பிடத் தொடங்கியவர்களிடம் இருந்து பரவியது மிகக் குறைவு.

கிளினிக்கில் நமக்கு ஆபத்து யாரிடம் இருந்து என்பதற்கு இதுவே பதில். காசநோய் அட்டையோடு வந்து மருந்து விழுங்கிவிட்டுப் போகிறவரைப் பார்த்து விலக வேண்டியதில்லை. தனக்கு நோய் இருப்பதே தெரியாமல் 'சளி இருமல்' என்று சொல்லிக் காத்திருப்பவரின் காற்றுதான் கவனிக்கப்பட வேண்டியது.

மூன்று அடுக்குத் தடுப்பு

உலகச் சுகாதார நிறுவனம் 2009-இல் காசநோய்த் தொற்றுக் கட்டுப்பாட்டுக் கொள்கையை வெளியிட்டது. 2019-இல் அதைப் புதுப்பித்தது. தடுப்பு நடவடிக்கைகளை அது மூன்று அடுக்குகளாகப் பிரிக்கிறது.

முதல் அடுக்கு, நிர்வாக நடவடிக்கைகள். இருமலோடு வருபவரை வாசலிலேயே அடையாளம் காண்பது, மற்றவர்களிடம் இருந்து பிரித்து உட்கார வைப்பது, விரைவாகச் சோதிப்பது, நோய் உறுதியானால் உடனே மருந்து தொடங்குவது ஆகியவை இதில் அடங்கும்.

இரண்டாவது அடுக்கு, சுற்றுப்புற நடவடிக்கைகள். சன்னல், கதவு, விசிறி, காற்றோட்டம், தேவையான இடங்களில் புறஊதாக் கதிர் விளக்கு.

மூன்றாவது அடுக்கு, சுவாசப் பாதுகாப்பு. அதாவது முகக்கவரி.

இந்த வரிசைக்குக் காரணம் உண்டு. முதல் அடுக்கு கிருமி காற்றில் கலக்கும் நேரத்தையே குறைக்கிறது. இரண்டாவது, கலந்ததை வெளியேற்றுகிறது. மூன்றாவது, மிஞ்சியதில் இருந்து ஒருவரைக் காக்கிறது. நடைமுறையில் பல இடங்களில் இது தலைகீழாகிவிடுகிறது. முகக்கவரி வாங்கி வைப்பதும் சுவரில் சுவரொட்டி ஒட்டுவதும் எளிது. வாசலில் ஒருவரை நிறுத்தி ஒவ்வொருவரிடமும் கேள்வி கேட்கச் செய்வதுதான் கடினம்.

வாசலில் ஒரு கேள்வி

"இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருக்கிறதா?" இந்த ஒரு கேள்விதான் முழுத் திட்டத்தின் திறவுகோல். கூடவே மாலை நேரக் காய்ச்சல், இரவில் வியர்வை, பசியின்மை, உடல் மெலிவு, சளியில் இரத்தம், வீட்டில் யாருக்காவது காசநோய் இருந்ததா என்பவையும் கேட்கப்பட வேண்டும். 'ஆம்' என்றால் முகக்கவரி கொடுத்து, காற்றோட்டமான தனி இடத்தில் அமர்த்தி, எண் வரிசையைத் தாண்டி மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்.

கேட்க எளிதாக இருக்கிறது. செய்வதற்குத் தடைகள் பல. காலை நேரத்தில் ஒரே முகப்பிடத்தில் நூற்றுக்கணக்கானோர் பதிய வருகிறார்கள். எண் சீட்டு இயந்திரம் இருமலைக் கேட்காது. பதிவுப் பணியாளர் மருத்துவப் பயிற்சி பெற்றவராக இருக்கமாட்டார். ஒருவரை முன்னே அனுப்பினால், "நான் ஆறு மணிக்கே வந்தேன், அவருக்கு மட்டும் என்ன?" என்று சண்டை வரும். தனி இடம் என்று சொன்னாலும், கடைவீடுகளில் இயங்கும் சிறிய கிளினிக்குகளில் அதற்கு இடமிருக்காது.

நோயாளிகளின் பக்கத்திலும் தயக்கம் உண்டு. அரசாங்க ஊழியருக்குக் காசநோய்க்கென்றே தனி விடுப்பு இருக்கிறது. நாள்கூலிக்கு வேலை செய்கிறவருக்கு, லோரி ஓட்டுகிறவருக்கு, தோட்டத்தில் குத்தகைக்கு வெட்டுகிறவருக்கு ஒரு நாள் போனால் ஒரு நாள் சம்பளம் போனது. 'டீபி' என்று ஊரில் தெரிந்தால் பெண் பார்க்க வருவார்களா என்று வீட்டில் பேச்சு வரும். அதனால் இருமல் இரண்டு மாதமானாலும், கேட்டால் "நேற்றிலிருந்துதான்" என்று சொல்லிவிடுகிறார்கள்.

இதை மாற்ற ஒரே வழி, தனியே அமர்த்துவது தண்டனை போலத் தெரியாமல் பார்த்துக்கொள்வது. மூலையில் தள்ளி வைத்து, மற்றவர்களோடு சேர்த்து இரண்டு மணி நேரம் காக்க வைத்தால் யாரும் உண்மை சொல்லமாட்டார்கள். "இருமல் இருந்தால் சொல்லுங்கள், உங்களை முதலில் பார்ப்போம்" என்று தமிழ், மலாய், சீனம் மூன்றிலும் எழுதி வைத்து, சொன்னபடியே முதலில் பார்த்தால் அடுத்தவரும் துணிந்து சொல்வார்.

சளி எங்கே எடுக்கப்படுகிறது?

காசநோயை உறுதிசெய்ய நெஞ்சில் இருந்து வரும் சளி தேவை. அதை எடுக்க ஆழமாக இரும வேண்டும். கிளினிக்கில் அதிகக் கிருமி காற்றில் கலக்கும் நேரம் அதுதான். ஆகவே கழிவறையிலோ சிகிச்சை அறையிலோ சளி எடுக்கச் சொல்லக்கூடாது. கட்டடத்துக்கு வெளியே, ஆட்கள் நடமாடாத, காற்று வீசும் இடமே ஏற்றது. அதற்கென வெளியே தனிச் சிறு கூடம் அமைத்திருக்கும் கிளினிக்குகளும் உண்டு. வெயிலும் காற்றும் படும் ஒரு திறந்த தாழ்வாரம்கூடப் போதும்.

சளியை நுண்ணோக்கியில் பார்ப்பது பழைய முறை. ஜீன்எக்ஸ்பெர்ட் என்ற இயந்திரம் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் கிருமி இருப்பதையும், ரிஃபாம்பிசின் மருந்துக்கு அது கட்டுப்படுமா என்பதையும் சொல்லிவிடும். ஆனால் சளி ஆய்வகத்துக்குப் போய், முடிவு கிளினிக்கிற்குத் திரும்பி, நோயாளியைத் தேடிப்பிடித்து அழைத்து வருவதில் நாட்கள் கழியலாம். அந்த நாட்களில் அவர் வீட்டில், பேருந்தில், வேலையிடத்தில் இருமிக்கொண்டுதான் இருப்பார். கைப்பேசி எண்ணைச் சரியாக எழுதிக் கொடுப்பதும், மாற்றினால் தெரிவிப்பதும் சிறிய வேலைபோல் தோன்றினாலும் தொற்றைத் தடுக்கும் வேலைதான்.

சென்னை கற்றுத் தந்த பாடம்

ஒரு காலத்தில் காசநோய் என்றால் ஊருக்கு வெளியே சானடோரியத்தில் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் படுக்க வைப்பார்கள். வீட்டில் வைத்தால் குடும்பத்துக்கே ஒட்டிக்கொள்ளும் என்று நம்பினார்கள். அந்த நம்பிக்கையை அசைத்தது சென்னையில் நடந்த ஓர் ஆய்வு.

1956-இல் அங்கு தொடங்கப்பட்ட காசநோய் வேதிமருத்துவ மையம், நோயாளிகளை இரண்டு குழுவாகப் பிரித்தது. ஒரு குழுவுக்குச் சானடோரியத்தில் சிகிச்சை. மற்றதற்கு வீட்டிலேயே சிகிச்சை. வீட்டில் இருந்தவர்கள் நெருக்கடியான குடியிருப்புகளில் வாழ்ந்த ஏழைகள். உணவும் குறைவு, ஓய்வும் குறைவு. ஆனால் இரு குழுவுக்கும் மருந்து ஒன்றே. 1959-இல் முடிவு வெளியானபோது, இரு குழுவினரும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமடைந்திருந்தனர். குடும்பத்தினரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தபோதும், வீட்டில் சிகிச்சை பெற்றவர்களின் உறவினர்களுக்கு நோய் அதிகமாக வரவில்லை. சிகிச்சை தொடங்குவதற்கு முன்பே அவர்கள் தொற்றுக்கு ஆளாகிவிட்டிருந்ததுதான் பெரிய ஆபத்தாக இருந்தது.

உலகம் முழுவதும் சானடோரியங்கள் மூடப்பட இந்த ஆய்வு ஒரு முக்கியக் காரணம். தமிழ்நாட்டின் ஏழைக் குடும்பங்களிடம் இருந்து வந்த அந்த அறிவின்படிதான் இன்று நம் கிளினிக்குகளிலும் வெளிநோயாளராக வந்து மருந்து சாப்பிடும் முறை நடக்கிறது. வழக்கமான சிகிச்சை ஆறு மாதம்: முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகள், அடுத்த நான்கு மாதம் இரண்டு மருந்துகள். மருந்து வேலை செய்யும் நோயாளிக்குப் பொதுவாக இரண்டு வாரங்களில் தொற்றும் தன்மை வெகுவாகக் குறைந்துவிடும்.

சன்னலைத் திறந்தால் போதுமா?

பெரும்பாலும் நாம் நினைப்பதைவிட அதிகப் பயன் உண்டு. தென்னமெரிக்காவில் பெருவின் லீமா நகர மருத்துவமனைகளில் ஒரு குழு காற்றோட்டத்தை அளந்து 2007-இல் வெளியிட்டது. சன்னலையும் கதவையும் திறந்து வைத்த அறைகளில் ஒரு மணி நேரத்துக்குச் சராசரியாக 28 முறை காற்று முழுமையாக மாறியது. இயந்திரக் காற்றோட்டம் பொருத்திய தனி அறைகளில் 12 முறைதான். உயர்ந்த கூரையும் பெரிய சன்னல்களும் கொண்ட பழைய கட்டடங்கள், புதியவற்றைவிட நன்றாகக் காற்றை மாற்றின.

இந்த எண்கள் ஏன் முக்கியம்? மணிக்கு இரண்டு முறை மட்டும் காற்று மாறும் அறையில், மிதக்கும் துகள்களில் 99 விழுக்காடு வெளியேற இரண்டே கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஆறு முறை மாறினால் 46 நிமிடம். 12 முறை மாறினால் 23 நிமிடம்.

தோட்டத்து ஆஸ்பத்திரியையும் டிரசரையும் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்த நீண்ட திண்ணையும் மரச்சட்டச் சன்னல்களும் நினைவிருக்கும். அந்த வகைக் கட்டடத்தில் காற்று தானாகவே நுழைந்து வெளியேறும். இன்று நாம் குளிர்சாதன வசதியைத்தான் முன்னேற்றம் என்று கருதுகிறோம். சுவரில் மாட்டும் சாதாரணக் குளிர்சாதனம் வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. உள்ளே இருப்பதையே குளிர்வித்துச் சுற்றுகிறது. நம் நாட்டு வெக்கையில் சன்னலைத் திறக்கச் சொன்னால் பணியாளர்களும் முகம் சுளிப்பார்கள். மழைக்காலச் சாரலும், புகைமூட்டமும் உண்டு. ஆகவே முழுக் கட்டடத்தையும் திறக்க முடியாவிட்டாலும், இருமலோடு வருபவர்கள் காத்திருக்கும் இடமாவது திறந்த தாழ்வாரமாக இருக்க வேண்டும்.

விசிறியின் திசையும் கவனிக்கத்தக்கது. காற்று பணியாளரின் பக்கம் இருந்து நோயாளியைக் கடந்து சன்னல் வழியே வெளியேற வேண்டும். மருத்துவரின் நாற்காலியும் நோயாளியின் நாற்காலியும் இடம் மாறிப் போடப்பட்டிருந்தால், நாள் முழுக்க நோயாளிகளின் மூச்சு மருத்துவரின் முகத்துக்கே போகும். நாற்காலியை மாற்றிப் போட ஒரு காசும் செலவில்லை.

யாருக்கு எந்த முகக்கவரி?

இருமுபவருக்குச் சாதாரண அறுவைச் சிகிச்சை முகக்கவரி போதும். அது துளிகள் வெளியேறும்போதே பிடித்துக்கொள்கிறது. தென்னாப்பிரிக்காவில் நடந்த ஓர் ஆய்வில், நோயாளிகள் இதை அணிந்தபோது தொற்று 56 விழுக்காடு குறைந்தது. ஆனால் ஏற்கெனவே காற்றில் மிதக்கும் நுண்துகளில் இருந்து அணிபவரை அது நன்றாகக் காக்காது. சளி எடுக்கும் இடத்திலும் தொற்றும் நிலையில் உள்ள நோயாளியின் அறையிலும் பணிபுரிவோருக்கு என்95 வகை தேவை. அதுவும் முகத்தோடு இடைவெளி இல்லாமல் பொருந்துகிறதா என்று சோதித்த பிறகே பயன் தரும்; தாடி இருந்தால் பொருந்தாது.

தாதியரும் மருத்துவ உதவி அதிகாரிகளும் நாள்தோறும் அந்தக் காற்றில் இருப்பவர்கள். அவர்களுக்குக் காசநோய்ப் பரிசோதனை செய்வதும், இருமல் வந்தால் தயங்காமல் சொல்ல வழிசெய்வதும் கொள்கையின் ஒரு பகுதி. கர்ப்பிணியான அல்லது நோய் எதிர்ப்பாற்றல் குறைந்த பணியாளரைக் காசநோய் அறையில் பணியமர்த்தாமல் பார்த்துக்கொள்ள வேண்டியதும் நிர்வாகத்தின் பொறுப்பு.

கவனிக்காவிட்டால் என்ன நடக்கும்?

தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நட்டால் மாநிலத்தில் துகேலா ஃபெரி என்ற சிற்றூர் உள்ளது. பெரும்பாலான மருந்துகளுக்குக் கட்டுப்படாத காசநோய் அங்கே 53 பேருக்குக் கண்டறியப்பட்டதாக 2006-இல் செய்தி வெளியானது. அவர்களில் 52 பேர் இறந்துவிட்டனர். பெரும்பாலோர் எச்.ஐ.வி. தொற்றும் உள்ளவர்கள். பலர் அதற்கு முன்பு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருந்தவர்கள். சுகாதாரப் பணியாளர்களும் இறந்தனர். நோயைக் குணப்படுத்த வந்த இடத்திலேயே நோய் பரவியிருந்தது. உலகம் கிளினிக்குகளின் காற்றைப் பற்றித் தீவிரமாக யோசிக்கத் தொடங்கியதில் அந்தச் சம்பவத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

நாம் செய்யக்கூடியவை

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால், பதியும்போதே முகப்பிடத்தில் சொல்லுங்கள். மலாயில் சொல்ல வேண்டுமானால், "சாயா சூடா பாத்தோக் லெபே டுவா மிங்கு" என்றால் போதும்.

முகக்கவரி அணிந்து செல்லுங்கள். இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். வாயையும் மூக்கையும் மெல்லிழைத்தாள் அல்லது முழங்கை மடிப்பால் மூடி இருமுங்கள்.

வெளியே அமரச் சொன்னால் அவமானமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எண் எப்போது வரும், யார் வந்து அழைப்பார் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

நோய் உறுதியானால், கிளினிக் ஏழு நாளுக்குள் மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 1988-ஆம் ஆண்டுத் தொற்றுநோய்ச் சட்டம். வீட்டில் உள்ளவர்களைப் பரிசோதனைக்கு அழைப்பது அதன் தொடர்ச்சிதான்; யாரையும் பிடித்துக்கொண்டு போவதற்கல்ல. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் இருந்தால் கட்டாயம் அழைத்துச் செல்லுங்கள். அவர்களுக்கு நோய் விரைவாகவும் கடுமையாகவும் வரும்.

அரசாங்க கிளினிக்குகளில் மலேசியர்களுக்குக் காசநோய்ச் சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. ஒரு மாதத்தில் உடம்பு தேறியதும் மருந்தை நிறுத்திவிடாதீர்கள். பாதியில் நிறுத்துவதுதான் மருந்துக்குக் கட்டுப்படாத கிருமியை உருவாக்குகிறது. தினமும் வந்து விழுங்க முடியாத அளவுக்குத் தோட்டம் தொலைவில் இருந்தால், பக்கத்துக் கிராமப்புறக் கிளினிக்கிற்கு மாற்ற முடியுமா, வீட்டில் ஒருவர் முன்னிலையில் சாப்பிடலாமா என்று கேளுங்கள்.

வரிசையில் நமக்கு முன்னால் இருமலோடு ஒருவரை அனுப்பினால், சண்டை போடாமல் விட்டுக்கொடுங்கள். அவர் சீக்கிரம் உள்ளே போவது நமக்கும் பாதுகாப்பு.

அம்மாவுக்கு அடுத்த மாதம் மறுபடியும் இரத்தப் பரிசோதனை இருக்கிறது. இந்த முறை சன்னலோரம் இடம் பார்த்து உட்காரச் சொல்லியிருக்கிறேன். யாராவது இருமினால் முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல், "முகப்பிடத்தில் சொல்லிவிட்டீர்களா ஐயா?" என்று கேட்கவும் சொல்லியிருக்கிறேன்.